நம்பிக்கையும் நப்பாசையும்

1

தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு பேஸ்பால் அணியைப் பற்றி இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாதம் ஜூலை. இடம் அமெரிக்காவில் ஏதோ ஒரு நகரம். அணியின் பெயர் அவசியமில்லை. முப்பது அணிகளில் ஏழெட்டாவது ஒவ்வொரு ஜூலையிலும் இந்த நிலையில்தான் இருக்கும். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர், எழுபத்தெட்டு வயது. மற்றவன் அவருடைய தங்கை மகன், கணக்கு எழுதுகிற உத்தியோகம். இருவரும் நான் கற்பித்துக்கொண்டவர்கள். அவர்கள் பேசுகிற பேச்சு நான் கற்பித்தது அல்ல. அது நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த நாட்டில் நடந்துவருகிற பேச்சு.

இந்த வருஷம் தேறுமா என்பது கேள்வி. தேறாது என்கிறான் மருமகன். பார்க்கலாம் என்கிறார் மாமா. இதற்கு மேல் அவர்கள் சொல்வதெல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களின் விரிவுரைதான்.

வேடிக்கை என்னவென்றால் இந்த வாதத்தின் முடிவு எதையும் மாற்றப்போவதில்லை. இருவரில் யாரும் ஆட்டக்காரர் இல்லை, முதலாளி இல்லை, பயிற்சியாளர் இல்லை. பந்து எறிகிறவனுக்கு இவர்கள் இருப்பது தெரியாது. ஆனால் 'நாம்' என்றுதான் பேசுகிறார்கள். 'நாம் நேற்றும் தோற்றோம்', 'நமக்கு இடது கையால் எறிகிறவன் ஒருவன் வேண்டும்.' எந்த உரிமையில் இந்த 'நாம்'? நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லாதபோது நம்புகிறவன் முட்டாளா, பொய்யனா, அல்லது வேறு ஏதாவதா? விளையாட்டுப் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. எதுவும் பணயத்தில் இல்லாத இடத்தில்தான் சில கேள்விகள் சுத்தமான வடிவத்தில் கிடைக்கின்றன. ஒரு நோயாளியின் படுக்கையருகிலோ ஒரு அரசியல் இயக்கத்தின் உள்ளேயோ இதே கேள்வியைக் கேட்டால் பயமும் பச்சாதாபமும் வந்து பதிலைக் கலக்கிவிடும்.

2

முதலில் கணக்கு. பேஸ்பாலில் ஒரு சீசன் என்பது 162 ஆட்டங்கள். மார்ச் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசிவரை ஏறத்தாழ தினமும் ஆட்டம். கிரிக்கெட்டில்போல டிரா செய்து தப்பித்துக்கொள்ள வழியில்லை. ஒன்பது இன்னிங்ஸில் தீராவிட்டால் தீரும்வரை ஆடவேண்டும். தினசரி ஆட்டம் என்பதால் தோல்வியும் தினசரி விஷயமாகிவிடுகிறது. மிகச் சிறந்த அணியும் ஒரு வருஷத்தில் ஐம்பது அறுபது தடவை தோற்கும். மிக மோசமானதும் நாற்பது தடவை ஜெயித்துவிடும். பந்தை அடிக்க வருகிறவன் பத்துக்கு மூன்று முறை அடித்து ஓடிவிட்டால் அவன் கெட்டிக்காரன். ஆக இது தோல்வியைச் சாதாரணமாக்கிக்கொண்ட விளையாட்டு. நல்ல அணிக்கும் கெட்ட அணிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நாளில் தெரியாது, ஒரு வாரத்திலும் தெரியாது. பாதி சீசன் போனபிறகுதான் தெரியும். அதனால்தான் ஜூலை.

81 ஆட்டங்கள் முடிந்தபோது நம்முடைய அணி 36 ஜெயித்து 45 தோற்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பிரிவில் முதலில் நிற்கும் அணி 48 ஜெயித்து 33 தோற்றிருக்கிறது. இதை அவர்கள் 'பன்னிரண்டு ஆட்டம் பின்னால்' என்பார்கள். முதல் அணி இதே வேகத்தில் போனால் 96 வெற்றிகளில் முடிக்கும். அதை எட்டிப்பிடிக்க மீதமுள்ள 81இல் நாம் 60 ஜெயிக்கவேண்டும். 2001இல் சியாட்டில் அணி 162இல் 116 ஜெயித்தது. நவீன காலத்தில் அதைவிட அதிகம் ஜெயித்தவர்கள் இல்லை. நாம் அந்த சியாட்டில் அணியைவிட நன்றாக ஆடவேண்டும், அதுவும் பாதி வருஷம் முழுக்க. மருமகனின் 'தேறாது' இதுதான். அதில் கசப்பு எதுவும் இல்லை. வகுத்தல் கணக்கு மட்டும்.

மாமாவின் பதில் ஒரு வருஷத்தின் பெயர்: 1914. அந்த ஜூலை 4ஆம் தேதி பாஸ்டன் பிரேவ்ஸ் எட்டு அணிகளில் எட்டாவது. 26 வெற்றி, 40 தோல்வி. நியூயார்க்குக்குப் பதினைந்து ஆட்டம் பின்னால். மிச்சமிருந்தவற்றில் 68 ஜெயித்தார்கள், 19தான் தோற்றார்கள். லீகைப் பத்தரை ஆட்ட வித்தியாசத்தில் ஜெயித்து, வேர்ல்ட் சீரீஸில் பிலடெல்பியாவை நாலுக்குப் பூஜ்யம் என்று முடித்தார்கள். வகுத்தல் கணக்கு கூடாது என்று சொன்னதைவிடக் கூடுதலாகவே நடந்தது.

"நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு மாமா" என்கிறான் மருமகன்.

"நடந்துச்சா இல்லையா?" என்கிறார் மாமா.

இந்த இடத்தில் இருவரும் ஒரே உண்மையைத்தான் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். 1914 மருமகனுக்கும் தெரியும். 2019இல் வாஷிங்டன் அணி முதல் ஐம்பதில் 31 தோற்று அந்த வருஷமே வேர்ல்ட் சீரீஸ் ஜெயித்ததும் தெரியும். 2021இல் அட்லாண்டா ஆகஸ்ட் வரும்வரை தோல்வியைவிட அதிக வெற்றி காட்டாமலே இருந்து கடைசியில் ஜெயித்ததும் தெரியும். அவன் சொல்வது, இவை நினைவில் நிற்பதற்குக் காரணமே இவை அபூர்வம் என்பதுதான். ஜூலையில் பின்தங்கி அக்டோபரில் மறக்கப்பட்ட நூற்றுக்கணக்கான அணிகளுக்குப் பெயர் கிடையாது. மாமா சொல்வது, அபூர்வம் என்பதும் நடந்ததன் ஒரு வகைதானே என்று. தகவலில் தகராறு இல்லை. தகவலுக்கு முன்னால் எப்படி நிற்பது என்பதில்தான் தகராறு.

அற்புதங்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1951 ஆகஸ்டில் நியூயார்க் ஜயண்ட்ஸ் புரூக்ளினுக்குப் பதின்மூன்று ஆட்டம் பின்னால் இருந்து எட்டிப்பிடித்தது. அக்டோபர் 3ஆம் தேதி பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன்னில் முடிந்த அந்தக் கதையை ஐம்பது வருஷம் புராணம்போலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2001இல் வெளியான ஒரு செய்தி, அந்த சீசனின் பின்பாதியில் ஜயண்ட்ஸ் மைதானத்தின் கோடியில் ஒரு தொலைநோக்கியை வைத்து எதிரணியின் சைகைகளைத் திருடியதை ஸ்தூலமாக நிறுவியது. அந்த ஒரு அடிக்கு அது உதவியதா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் அற்புதத்தை ஆதாரமாகக் காட்டுகிறவன் அற்புதத்தின் உள்ளே என்ன இருந்தது என்றும் பார்க்கக் கடமைப்பட்டவன். மாமா இதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம்.

3

போதிய ஆதாரம் இல்லாமல் எதையும் நம்புவது எப்போதும், எங்கும், யாருக்கும் தவறு என்ற கருத்தை 1877இல் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் முன்வைத்தார். அவர் சொல்லும் உதாரணம் ஒரு கப்பல் முதலாளி. கப்பல் பழசு, பழுது பார்க்கவேண்டியது. செலவுக்குப் பயந்து, இத்தனை பயணம் போய்வந்த கப்பல்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, புலம்பெயரும் குடும்பங்களை ஏற்றி அனுப்பிவிடுகிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் உண்மையாகவே நம்பினான் என்பது அவனுடைய குற்றத்தைக் குறைக்காது. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றம்தான். மருமகன் கிளிஃபர்டைப் படித்திருக்கமாட்டான். ஆனால் அவன் அந்தக் கட்சி.

இதற்குப் பதிலாக 1896இல் வில்லியம் ஜேம்ஸ் பேசினார். சில விஷயங்களில் நம்பிக்கை முதலில் வந்தால்தான் உண்மை பின்னால் வரும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். நட்பு அப்படி. நீ என்னை விரும்புகிறாய் என்று நான் முதலில் நம்பி நடந்தால்தான் நீ விரும்புவது சாத்தியமாகிறது. ஆதாரம் வரட்டும் என்று காத்திருந்தால் ஆதாரம் வராது.

மாமா ஜேம்ஸின் கட்சி என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். யோசித்துப் பார்த்தால் அது சரியில்லை. ஜேம்ஸின் வாதம் ஆட்டக்காரனுக்குப் பொருந்தும். தன்னால் முடியும் என்று நம்புகிற பந்தெறிபவனின் நம்பிக்கை அவன் கையில் இறங்கி வேலை செய்யக்கூடும். பார்வையாளனின் நம்பிக்கை எங்கே இறங்கும்? வானொலியில் கேட்டுக்கொண்டிருக்கும் கிழவரின் நம்பிக்கை பந்தின் பாதையை ஒரு மயிரிழைகூட மாற்றாது. அவரும் அதை அறிவார். நல்ல சகுனத்துக்காக ஒரே தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்; அதைத் தானே கேலியும் செய்வார்.

கிளிஃபர்டும் இவருக்குப் பொருந்தமாட்டார். கப்பல் முதலாளி நம்பியதால் மனிதர்கள் செத்தார்கள். கிழவர் நம்புவதால் யார் சாகிறார்கள்? ஆக ரசிகன் ஒரு தனி ஜாதி. இவனுடைய நம்பிக்கைக்குப் பலனும் இல்லை, பலியும் இல்லை. அதனாலேயே இவன் சுவாரஸ்யமானவன். பயன், பாதகம் இரண்டையும் கழித்துவிட்டபின் நம்பிக்கை என்று என்ன மிஞ்சுகிறது என்பதை இவனிடம் பார்க்கலாம்.

ஆனால் கிளிஃபர்டை அதற்குள் அனுப்பிவிடவேண்டாம். கப்பல் முதலாளி இங்கேயும் உண்டு; அவன் பார்வையாளர் வரிசையில் இல்லை, மேலே கண்ணாடி அறையில் இருக்கிறான். ஒரு காலத்தில் லீகில் முதலில் வருகிற ஒரே அணிதான் அக்டோபருக்குப் போகும். 1969இல் பிரிவுகள் வந்தன. 1995இலிருந்து பிரிவில் முதலில் வராத அணிக்கும் ஒரு இடம். 2012இல் அது இரண்டானது. 2022இலிருந்து முப்பதில் பன்னிரண்டு அணிகள் உள்ளே போகலாம். 2023இல் அரிசோனா 84 வெற்றி, 78 தோல்வியோடு உள்ளே போய் வேர்ல்ட் சீரீஸ் வரைக்கும் ஆடியது. நம்முடைய 36 வெற்றி அணிக்கும் இப்போது 60 வேண்டியதில்லை, 48 போதலாம். அதாவது, முதலில் நிற்கும் அணி முன்பாதியில் என்னவாக இருந்ததோ, அதாக நாம் பின்பாதியில் ஆகிவிட்டால் போதும். இது முடியாதது இல்லை. ஆனால் இந்த 'முடியாதது இல்லை' என்பதை யார் உண்டாக்கினார்கள், எதற்காக? ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் டிக்கெட் விற்கவேண்டும். நம்பிக்கையின் ஆயுள் விதிகளால் நீட்டப்பட்டிருக்கிறது. மாமாவின் 'பார்க்கலாம்' தன் நெஞ்சிலிருந்து வருவதாக அவர் நினைக்கிறார். அதில் ஒரு பங்கு ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தயாரிக்கப்பட்டது. இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே பேசுவது நேர்மை ஆகாது.

4

நம் பாஷையில் இந்த விஷயத்தை யோசிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, ஒரு கண்ணியும் உண்டு. 'மழை வரும் என்று நம்புகிறேன்' என்றால் அது ஒரு கணிப்பு. 'அவனை நம்புகிறேன்' என்றால் அது ஒப்படைப்பு. 'கடவுளை நம்புகிறேன்' என்பது மூன்றாவது. 'நம்பிக்கையோடு இரு' என்று சாவு வீட்டில் சொல்வது நான்காவது. இங்கிலீஷில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள். நமக்கு எல்லாம் நம்பிக்கைதான். அதனால் கணிப்பு பொய்த்துப்போனால் ஒப்படைப்பும் பொய்த்ததாக எடுத்துக்கொள்கிறோம். எவரையாவது நம்பிவிட்டால் அவரைப் பற்றிய கணிப்பும் உயர்ந்தே இருக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்திக்கொள்கிறோம். இலக்கியச் சண்டைகளில் பாதி இந்தக் குழப்பத்தில் வருவதுதான்.

மாமாவும் மருமகனும் மோதிக்கொள்வதாகத் தெரிவதும் இதனால்தான். மருமகன் கணிப்பைப் பற்றிப் பேசுகிறான். மாமா ஒப்படைப்பைப் பற்றிப் பேசுகிறார். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. தேறமாட்டார்கள் என்று அறிந்துகொண்டே அவர்களோடு இருக்கலாம். தேறாத பிள்ளையை வைத்திருக்கும் எந்தத் தாய்க்கும் இது புதிய செய்தி இல்லை.

ஆனால் நம்மிடம் இன்னொரு சொல் இருக்கிறது: நப்பாசை. கணக்கு கூடாது என்று தெரிந்தும் ஒரு மூலையில் ஒளித்துவைத்திருக்கும் ஆசை. அது வெளியே சொல்லிக்கொள்ளாது; சொன்னால் தனக்கே வெட்கம். மாமாவிடம் இருப்பது நம்பிக்கையா, நப்பாசையா? இரண்டையும் பிரித்தறிய ஒரு அளவுகோல் வேண்டும். ஆசையின் அளவை வைத்துப் பிரிக்கமுடியாது. இரண்டிலும் ஆசை ஒரே அளவு இருக்கலாம். ஆதாரத்தை வைத்தும் முடியாது. இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. உடைந்தபோது என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்கமுடியும் என்று எனக்குப் படுகிறது.

2003 அக்டோபர் 14, சிகாகோ. கப்ஸ் அணி கடைசியாக 1908இல் வேர்ல்ட் சீரீஸ் ஜெயித்தது, கடைசியாக 1945இல் அதில் ஆடியது. அன்று மூன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருக்கிறார்கள். எதிரணியில் இன்னும் ஐந்து பேர் அவுட்டானால் வேர்ல்ட் சீரீஸ். மைதான ஓரமாக ஒரு பந்து உயர்ந்து வருகிறது. சிகாகோ ஆட்டக்காரர் பிடிக்கத் தாவுகிறார். பார்வையாளர்களும் கை நீட்டுகிறார்கள். ஒருவரின் கையில் பட்டுப் பந்து தவறுகிறது. அதன்பின் ஆட்டக்காரர்கள் தாங்களாகவே தவறுமேல் தவறாகச் செய்து அந்த ஒரே இன்னிங்ஸில் எட்டு ரன் கொடுத்தார்கள். அடுத்த நாளும் தோற்றார்கள். ஆனால் மைதானம் முழுக்க அந்த ஒரு மனிதரைப் பார்த்துத் திரும்பியது. அவர் மேல் எதையெதையோ எறிந்தார்கள். காவலர்கள் சூழ்ந்து வெளியே அழைத்துப்போனார்கள். அவரும் வாழ்நாள் முழுவதும் அதே அணியின் ரசிகர். அதன்பிறகு அவர் பொது இடங்களிலிருந்து மறைந்தே போனார். 2016இல் கப்ஸ் ஜெயித்தபின் அணி அவருக்கு வெற்றி மோதிரம் ஒன்றைத் தந்தது. அது அவரை வதைத்தவர்கள் கொடுத்த பதில் அல்ல.

அந்த இரவில் உடைந்தது நப்பாசை என்பேன். நப்பாசைக்கு உள்ளே ஒரு பாத்தியதை இருக்கிறது. இத்தனை வருஷம் காத்திருந்தேன், எனக்கு இது சேரவேண்டும் என்று அது ரகசியமாக ஒரு கடன்பத்திரம் எழுதிவைத்திருக்கிறது. அது உடைந்தால் கடன்காரன் ஒருவன் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பிடித்துக்கொள்ளும். நம்பிக்கைக்கு அந்தப் பத்திரம் கிடையாது. அது உடைந்தால் துக்கம் வரும், குற்றவாளி வரமாட்டான். ஒரு சமூகத்தின் நம்பிக்கைகளையும் இந்த அளவுகோலால் பார்க்கலாம். பொன்னுலகம் தள்ளிப்போகும்போதெல்லாம் யாரையாவது வெளியே இழுத்துப்போடுகிற நம்பிக்கையை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

5

ஜூலைப் பேச்சின் உண்மையான கொக்கி இன்னும் வரவில்லை. ஜூலை இறுதியை ஒட்டி ஒரு கெடு இருக்கிறது. அதற்குள் அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம். ஜெயிக்கும் அணிக்கு இன்று ஒரு நல்ல பந்தெறிபவன் வேண்டும். தோற்கும் அணி அவனைக் கொடுத்துவிட்டு, இருபது வயதுப் பையன்கள் இரண்டு மூன்று பேரை வாங்கிக்கொள்ளும். அவர்கள் நாலைந்து வருஷத்தில் தேறலாம், தேறாமலும் போகலாம். ஆக கேள்வி 'தேறுமா' என்பதோடு நிற்பதில்லை. 'விற்பதா, வைத்துக்கொள்வதா' என்று ஆகிறது.

மருமகன் விற்கச் சொல்கிறான். அவனிடம் பலமான ஆதாரம் இருக்கிறது. ஹூஸ்டன் அணி 2011இல் 106, 2012இல் 107, 2013இல் 111 ஆட்டங்கள் தோற்றது. இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு இளைஞர்களைச் சேர்த்தது. 2017இல் ஜெயித்தது. சிகாகோ கப்ஸும் 2012இல் 101 தோற்று, 2016இல் ஜெயித்தது. இன்று பொறுத்துக்கொள், நாளை பலன்.

"அஞ்சு வருஷம் கழிச்சு ஜெயிப்பாங்க, சரி" என்கிறார் மாமா. "அப்ப நான் எங்கே இருப்பேன்?"

மருமகனிடம் இதற்குப் பதில் இல்லை. எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. எதிர்காலத்துக்காக நிகழ்காலத்தைக் கைவிடுவது என்ற வாதத்தில் எப்போதும் ஒரு மறைவான கைமாற்று இருக்கிறது. கஷ்டப்படுகிறவனும் பலன் அடைகிறவனும் ஒரே ஆள் என்பதுபோல அது பேசும். 'நாம்' என்ற சொல் அந்த இடத்தில்தான் ஏமாற்றுகிறது. 2012இல் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்த கிழவனுக்கு 2017 இல்லை. அவன் படிக்கட்டு. மனிதனை வெறும் சாதனமாக நடத்தாதே என்ற கான்ட்டின் கட்டளை கண்ணாடி அறைவரை ஏறிப்போவதில்லை. வருங்கால இசைவு முழுவதும் ஒரு குழந்தையின் கண்ணீரின் மேல்தான் எழவேண்டுமென்றால் தன் டிக்கெட்டைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்ன இவான் கரமசோவை ஒரு பந்தாட்டத்துக்காக அழைப்பது அதிகம்தான். ஆனால் இவான் சொன்னதும் டிக்கெட் என்றுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2020 ஜனவரியில் வெளியான விசாரணை அறிக்கை, ஹூஸ்டன் 2017இல் கேமரா வைத்து எதிரணியின் சைகைகளைத் திருடியதை உறுதிப்படுத்தியது. பலனுக்காக நிகழ்காலத்தை எரிக்கத் துணிந்தவர்கள் பலனுக்காக விதியையும் எரித்தார்கள். இது எப்போதும் இப்படித்தான் நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை. சிகாகோவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஆட்டத்தை ஆட்டத்துக்கு வெளியே உள்ள ஒன்றுக்காக ஒருமுறை ஒத்திவைத்துவிட்டால், இன்றைய ஆட்டத்துக்குத் தனக்கென்று ஒரு அர்த்தம் உண்டு என்ற எண்ணம் போய்விடுகிறது. அது போனபிறகு தடுக்க என்ன இருக்கிறது?

அதற்காக மாமா சொல்வது சரி என்றும் ஆகிவிடாது. அவருடைய இந்த வருஷத்துக்காக, இப்போது பத்து வயதாக இருக்கும் ஒரு பையனின் அடுத்த பத்து வருஷத்தை அடகு வைக்கலாமா? அவரே அதைக் கேட்டுக்கொள்வார் என்று நினைக்கிறேன். செத்துப்போகப்போகிறவனின் ஆசைக்கு ஒரு மரியாதை உண்டு, வாக்குரிமை கிடையாது. விற்பதா வேண்டாமா என்பதற்கு இந்த அளவில் பொதுவான பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: யாருடைய வருஷத்தைச் செலவழிக்கிறோம் என்பதை மறைக்காமல் செலவழிக்கவேண்டும். வேண்டுமென்றே தோற்கப்போகிறவன் அதைச் சொல்லிவிட்டுத் தோற்கலாம். டிக்கெட் விலையையாவது குறைக்கலாம்.

6

அப்படியானால் மாமா எதற்கு விசுவாசமாக இருக்கிறார்? அவர் சிறுவனாகப் பார்த்த ஆட்டக்காரர்கள் ஒருவரும் இல்லை. முதலாளி மாறிவிட்டான். மைதானத்தை இடித்துக் கட்டியாயிற்று. சட்டையின் நிறமும் லேசாக மாறியிருக்கிறது. ஒவ்வொரு பலகையாக மாற்றப்பட்ட கப்பல் அதே கப்பல்தானா என்ற பழைய கிரேக்கப் புதிர் இங்கே ஒரு நகரத்துக்கே தினசரி அனுபவம். சில சமயம் நகரமே மாறும். புரூக்ளினிலிருந்து டாட்ஜர்ஸ் அணி 1957 சீசனோடு கிளம்பி லாஸ் ஏஞ்சலஸ் போனது. தோற்ற வருஷமெல்லாம் 'அடுத்த வருஷம் பார்' என்று சொல்லிக்கொண்டிருந்த ஊர் அது. 1955இல் அந்த அடுத்த வருஷம் வந்தது. அதற்கப்புறம் இரண்டே வருஷம். வருஷம் இருந்தது, அணி இல்லை.

விசுவாசத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியவர் ஜோசையா ராய்ஸ், ஜேம்ஸின் சக ஆசிரியர். அது வெளியான வருஷம் 1908, 2016க்கு முன்னால் சிகாகோ கப்ஸ் கடைசியாக ஜெயித்த அதே வருஷம். தற்செயல், அதில் அர்த்தம் தேடவேண்டாம். தோற்றுப்போன இலட்சியங்களிடம்தான் விசுவாசம் தன் முழு ஆழத்தை அடைகிறது என்று ராய்ஸ் கருதினார். ஜெயிக்கிற இலட்சியத்தில் விசுவாசம் எது, லாபம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. பின்னால் 1913இல் எழுதியபோது, ஒரு சமூகம் என்பது பொதுவான ஞாபகத்தாலும் பொதுவான எதிர்பார்ப்பாலும் ஆனது என்றார். தன் பிறப்புக்கு முன் நடந்ததையும் 'என் கடந்தகாலம்' என்று எடுத்துக்கொள்கிறவர்கள் சேர்ந்தால் அது சமூகம். மாமா 1914ஐச் சொல்லும்போது அவர் பிறக்கவே இல்லை. அந்த அணி அவர் ஊரும் இல்லை. இருந்தும் அதை ஒரு சொந்த அனுபவம்போலச் சொல்கிறார்.

2016இல் சிகாகோ ஜெயித்தபோது ரிக்லி மைதானத்தின் வெளிச் செங்கல் சுவரில் ஜனங்கள் சாக்கட்டியால் பெயர்கள் எழுதினார்கள். அப்பா, பாட்டி, மாமா, அண்ணன். பார்க்காமல் செத்தவர்களின் பெயர்கள். மழை வந்தால் அழிந்துவிடும் என்று தெரிந்தே எழுதினார்கள். 'அப்ப நான் எங்கே இருப்பேன்' என்ற கேள்விக்கு அது பதிலா என்று பலமுறை யோசித்தேன். செத்தவனுக்கு அது பதில் இல்லை. சாக்கட்டியில் எழுதப்பட்ட பெயர் எதையும் பார்ப்பதில்லை. ஆனால் இருக்கிறவன் ஜெயித்ததைத் தனியாக வாங்கிக்கொள்ள மறுக்கிறான். அதை ஒரு தார்மீகமான செயல் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

எதிர்த்திசையில் ஓக்லண்ட். 2023 ஜூனில் அந்த ஊர் அணி முதல் 62 ஆட்டங்களில் 12தான் ஜெயித்திருந்தது. முதலாளி அணியை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அந்த வருஷம் பல ஆட்டங்களுக்கு ஐயாயிரம் பேர்கூட வரவில்லை. ஜூன் 13ஆம் தேதி, வராமல் இருப்பதற்குப் பதிலாக எல்லாரும் வந்து எதிர்ப்பைக் காட்டுவது என்று ரசிகர்கள் முடிவுசெய்தார்கள். 27,759 பேர் வந்தார்கள். பலர் 'விற்றுவிடு' என்று அச்சிட்ட பச்சைச் சட்டை போட்டிருந்தார்கள். ஆட்டக்காரர்களை விற்கச் சொல்லவில்லை, அணியையே வேறு யாருக்காவது விற்கச் சொன்னார்கள். அன்று ஓக்லண்ட் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. அது தொடர்ச்சியாக ஏழாவது வெற்றி. அதனால் எதுவும் மாறவில்லை. சீசன் 50 வெற்றி, 112 தோல்வியில் முடிந்தது. 2024 செப்டம்பர் 26ஆம் தேதி ஓக்லண்டில் கடைசி ஆட்டம் நடந்தது. மைதானம் நிறைந்திருந்தது. 2025இலிருந்து அணி சாக்ரமென்டோவில் ஆட ஆரம்பித்தது.

அந்த 27,759 பேர் எதை எதிர்பார்த்து வந்தார்கள்? அந்த வருஷம் தேறும் என்று யாரும் எண்ணவில்லை. அணி நிற்கும் என்றுகூடப் பலர் எண்ணியிருக்கமாட்டார்கள். கணிப்பு பூஜ்யம். நப்பாசைக்கும் இடமில்லை; அவர்கள் கடன் கேட்கவில்லை, கணக்கை முடித்துக்கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் எழுந்து நின்று கத்தினார்கள். தங்களை விட்டுப் போகப்போகிற ஒன்று தன் வேலையை நன்றாகச் செய்யும்போது அதற்காகச் சந்தோஷப்பட்டார்கள். முதலாளிக்கு எதிராகவும் ஆட்டத்துக்காகவும் ஒரே குரலில் கத்த முடிந்தது. தயாரிக்கப்பட்ட நம்பிக்கை என்று முன்னால் சொன்னேன். அது எங்கே முடிந்து வேறொன்று எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான். தயாரித்தவனே அதைக் கைவிட்டபிறகும் மிஞ்சியது அது. அதைத் தயாரித்திருக்க முடியாது.

7

மாமாவின் சொல்லுக்குத் திரும்பி வருகிறேன். 'பார்க்கலாம்.' இதை நாம் கணிப்பாகவே எடுத்துக்கொள்கிறோம்: ஒருவேளை நடக்கலாம் என்பதாக. ஆனால் அந்தச் சொல்லில் முதலில் இருப்பது பார்ப்பதுதான். நடக்குமோ நடக்காதோ, கண்ணை எடுக்கமாட்டேன் என்கிறது அது. ரசிகனுக்கு வேறு அதிகாரம் எதுவும் இல்லை. பார்ப்பது மட்டும்தான் அவன் கையில். அவனுடைய 'நாம்' என்பதற்கும் அதுதான் உரிமைப்பத்திரம். ஆடியதால் இல்லை, தோற்ற நாளிலும் பார்த்ததால்.

இதைப் பெரிய தர்மமாக உயர்த்திக்காட்ட நான் விரும்பவில்லை. பார்ப்பதற்கு அணி மட்டும்தானா இருக்கிறது என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வி நியாயம். இந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்கை இந்த மனிதர்கள் தங்கள் ஊரின் பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொடுத்திருந்தால் என்றும் கேட்கலாம். ஆனால் பலன் இல்லை என்று தெரிந்த இடத்திலும் தொடர்ந்து கவனிப்பதற்கு ஒரு பழக்கம் தேவை. அந்தப் பழக்கம் இல்லாதவன் ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடியும்முன்பே கிளம்பிவிடுவான்.

மருமகனையும் நான் கைவிடத் தயாரில்லை. ஒவ்வொரு ஆட்டத்தின் கணக்கும் அவனிடம் இருக்கிறது. தேறாது என்று சொல்வதற்கு அவன் மாமாவைவிட அதிகம் பார்த்திருக்கிறான். பொய்யான ஆறுதல் சொல்லாமல் ஒரு கிழவரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் விசுவாசத்தின் ஒரு வகைதான். கிளிஃபர்டின் கடுமையும் ராய்ஸின் பிடிப்பும் ஒரே வீட்டில் இருக்கமுடியும்.

அன்றைக்கும் தோற்றார்கள். வானொலியை அணைத்துவிட்டுக் கிழவர் கேட்கிறார்: "நாளைக்கு யாருடா பந்து போடறது?"

மருமகன் யோசிக்காமல் பெயரைச் சொல்கிறான்.